நாற்பத்தேழாம் கணக்கு

ரோன்டா லாம்பி வேதியியல் முதல் பாடத்தில் சேர்ந்தது அது மூன்றாவது தடவை. முதல் தடவை பாதியிலேயே முதுகு பிடித்துக்கொண்டு மூன்று வாரம் படுத்துவிட்டாள். இரண்டாவது தடவை படுக்கவில்லை. ஒரு வகுப்பு விடாமல் போய், ஒழுங்காக உட்கார்ந்து, ஒழுங்காகத் தோற்றாள். ஏரிக்கரைக் கல்லூரியில் ஒரே பாடத்தை மூன்று தடவைக்கு மேல் எடுக்க முடியாது. அப்புறம் வாசலைக் காட்டிவிடுவார்கள், அதுவும் சிரித்துக்கொண்டே. நர்ஸ் படிப்பில் இடம் கேட்க வேண்டுமானால் இந்த வேதியியலில் நூற்றுக்கு எழுபது எடுத்திருக்க வேண்டும். ஆக, இந்த டிசம்பரில் எழுபது, இல்லையென்றால் ஆயுசுக்கும் உதவியாள்தான்.

உதவியாள் வேலை என்னவென்று தெரியாதவர்கள் குன்றின் மேலிருக்கும் முதியோர் இல்லத்துக்குக் காலை ஆறரை மணிக்குப் போய்ப் பார்க்கலாம். தூக்க வேண்டும், புரட்ட வேண்டும், துடைக்க வேண்டும், ஊட்ட வேண்டும். மறுபடி தூக்க வேண்டும். பத்தொன்பது வருஷமாக ரோன்டா இதைச் செய்கிறாள். போன வருஷம் நர்ஸாகி வந்த பெண்கள் கையில் ஏட்டை வைத்துக்கொண்டு அவளுக்கு உத்தரவு போடுவார்கள். அந்தப் பெண்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் எந்தக் கிழவருக்கு எந்த இடுப்பு வலிக்கும் என்று ரோன்டாவிடம் கேட்டுத்தான் அந்த ஏட்டில் எழுதுவார்கள். அவளுக்கு நாற்பத்துமூன்று வயது. நர்ஸ் ஆனால் தூக்குவதற்கு ஆளைக் கூப்பிடலாம். ஆகாவிட்டால், தன்னை ஒருவர் தூக்க வேண்டிய நாள் வரும்வரை தூக்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அவள் கணவன் கார்ல், ஊருக்கு மேற்கே இரும்புச் சுரங்கத்தில் பாறை நொறுக்கும் எந்திரத்தை ஓட்டுகிறான். இருபத்திரண்டு வருஷம். அடிப்பவனோ குடிப்பவனோ இல்லை. அவர்கள் ஊரான நெகானியில் பாதிப் பேரைப் போல அவனும் அளந்து பேசுகிறவன், அந்த அளந்த பேச்சிலும் முக்கால்வாசி கிண்டல்.

"நம்ம புள்ளைங்களே படிச்சு முடிச்சு வேலைக்குப் போயாச்சு. நீ இப்பத்தான் பையை மாட்டிக்கிட்டுக் கிளம்பற" என்பான்.

"உனக்கு என்ன கஷ்டம்?"

"எனக்கு ஒண்ணுமில்ல. போன தடவை முட்டை வாங்கிட்டு வந்தப்ப ஒரு வாரம் அழுத. அதைப் பாக்கறதுதான் கஷ்டம்."

அது உண்மையும்கூட. அதனால்தான் மூன்று தடவை என்ற விதியை அவள் அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் தினமும் சாப்பாட்டு மேசையில் விரல் விட்டு எண்ணுவான் என்று பயம். விதியை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, வீட்டில் தொலைக்காட்சி இரைச்சலுக்கு நடுவே படிக்கவும் முடியாமல், அவள் தன் காரில் படித்தாள். இல்லத்தின் வண்டி நிறுத்தத்தில், மதியச் சாப்பாட்டு நேரம் முப்பது நிமிஷம். கண்ணாடியெல்லாம் பனி மூடியிருக்கும், எந்திரம் ஓடிக்கொண்டிருக்கும், சூடு காலுக்கு மட்டும் வரும். மடியில் புத்தகம், ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவே நோட்டு. வெளியே என்ன இருக்கிறது என்று தெரியாது. தெரிந்துகொள்ளும்படி ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம்.

அந்த நவம்பரில் பாடம் மோல் கணக்கு. இவ்வளவு கிராம் இதை எடுத்து, அதோடு சேர்த்து எரித்தால், எவ்வளவு கிராம் வேறொன்று கிடைக்கும் என்று கண்டுபிடிக்கிற வேலை. கிராமை நேரே கிராமாக மாற்ற முடியாது. முதலில் கிராமை மோலாக்க வேண்டும், அதாவது எடையை அணுக்களின் எண்ணிக்கையாக்க வேண்டும். சமன்பாட்டைச் சமன்செய்து, எத்தனை மோல் உள்ளே போனால் எத்தனை மோல் வெளியே வரும் என்று பார்க்க வேண்டும். பிறகு மோலை மறுபடி கிராமாக்க வேண்டும். இரண்டு தடவை தோற்றவளுக்கு இதெல்லாம் தலைகீழாகப் பாடம். ஆனால் பாடமாக இருப்பதும் கையில் வருவதும் ஒன்றில்லையே. ஒவ்வொரு கணக்கிலும் எந்த இடத்தில் கால் வழுக்கும் என்று பார்த்துப் பார்த்தே அவள் வழுக்கி விழுவாள்.

அந்தப் புத்தகங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒற்றைப்படைக் கணக்குகளுக்கு மட்டும் விடை கடைசிப் பக்கங்களில் இருக்கும். இரட்டைப்படைக்கு இருக்காது. அதனால் படிக்கிற எல்லாரும் ஒற்றைப்படையாகப் பார்த்துத்தான் போடுவார்கள். போட்டுவிட்டுப் பின்னால் புரட்டுவார்கள். பொருந்தினால் ஒரு நிம்மதி. பொருந்தாவிட்டால், பின்னால் இருக்கிற விடைக்கு எப்படிப் போய்ச் சேருவது என்று வழி தேடுவார்கள். வாத்தியார் பென்ஹேல் ஒவ்வொரு வருஷமும் முதல் நாளே சொல்வார், "விடையைப் பாத்துட்டு வழி கண்டுபிடிக்காதீங்க" என்று. யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

நாற்பத்தேழாம் கணக்கு இரும்பைப் பற்றியது. எண்பது கிராம் இரும்பு ஆக்சைடைக் கார்பன் மோனாக்சைடோடு சேர்த்து உருக்கினால் எத்தனை கிராம் இரும்பு கிடைக்கும்? ஓரத்தில் ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தின் படம் போட்டிருந்தார்கள். எந்த ஊர்ச் சுரங்கமோ, பார்க்கக் கார்லின் சுரங்கம் போலவே இருந்தது, அதே சிவப்பு மண், அதே லாரி.

ரோன்டா போட்டாள். இரும்பு ஆக்சைடு ஒரு மோல் நூற்றறுபது கிராம். எண்பது கிராம் என்றால் அரை மோல். சமன்பாட்டில் ஒரு ஆக்சைடு உள்ளே போனால் இரண்டு இரும்பு வெளியே வருகிறது. ஆக, ஒரு மோல் இரும்பு. ஒரு மோல் இரும்பு ஐம்பத்தாறு கிராம். விடை ஐம்பத்தாறு. பின்னால் புரட்டினாள். இருபத்தெட்டு என்றிருந்தது.

புத்தகம் தப்பு. அச்சில் விழுந்த பிழை. கதையைக் கேட்கிற நமக்கு அது இப்போதே தெரிந்துவிட்டது, அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்கவும் முடியாது. இரண்டு தடவை தோற்ற ஆளுக்கு, தான் சரி, அச்சடித்த புத்தகம் தப்பு என்று எப்படித் தோன்றும்? அவள் அழித்துவிட்டு மறுபடி போட்டாள். ஐம்பத்தாறு. ஆக்சிஜனின் எடையைச் சரிபார்த்தாள். சமன்பாட்டை முதலிலிருந்து கட்டினாள். ஐம்பத்தாறு. மறுநாள் மதியம் மறுபடி. அதற்கு மறுநாளும். நான்கு நாள், நான்கு மதியச் சாப்பாடு, சாண்ட்விச்சைப் பிரிக்காமலே திரும்பக் கொண்டுபோனாள். தன் தலைக்குள் எங்கோ ஓர் ஓட்டை இருக்கிறது, மற்றவர் கண்ணுக்கெல்லாம் தெரிகிற ஓட்டை, தனக்கு மட்டும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

வாத்தியாரைக் கேட்டிருக்கலாம். ஆனால் நவம்பர் பதினைந்து மான் வேட்டைக் காலம் தொடங்கும் நாள். அந்த வாரம் இந்த ஊரில் ஆண்பிள்ளை என்று பேருக்குக்கூட ஒருவர் இருக்கமாட்டார், பெண்களிலும் பாதி காட்டில். கல்லூரி இரண்டு நாள் அடைப்பு. பென்ஹேல் அதோடு தன் கணக்கில் மூன்று நாளை ஒட்டவைத்துக்கொண்டு பதின்மூன்றாம் தேதியே கிளம்பிவிட்டார். படிப்பு உதவி அறைக் கதவில் துப்பாக்கி பிடித்த மான் ஒன்றை வரைந்து, திங்கள்கிழமை பார்ப்போம் என்று ஒட்டியிருந்தது. ரோன்டா அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

வீட்டுப் பின்கட்டில் கார்ல் காட்டுக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். அவள் வாசலில் புத்தகத்தோடு நின்றாள்.

"கார்ல், ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு. கம்பளி சாக்ஸ் எங்கன்னு மட்டும் கேக்காத. நானும் அதைத்தான் தேடறேன்."

"நம்ம தாதுல இரும்பு எவ்வளவு இருக்கும்?"

கார்ல் நிமிர்ந்தான். இரண்டு வருஷத்தில் இந்தப் படிப்பு சம்பந்தமாக அவள் அவனிடம் கேட்ட முதல் கேள்வி இது. அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை அவள் பார்த்தாள்.

"முப்பத்தஞ்சு" என்றான். "நூறு டன் பாறை நொறுக்கினா முப்பத்தஞ்சு டன் இரும்பு. ஒரு நாள் முப்பத்திநாலு, ஒரு நாள் முப்பத்தாறு. மீதி வெறும் கல்லு. இந்த ஊர்ல பால்புட்டி வச்சிருக்கற குழந்தைக்குக்கூட இது தெரியுமே."

"முப்பத்தஞ்சு, நிச்சயமா?"

"இருபத்திரண்டு வருஷமா அதைத்தானே நொறுக்கறேன். எழுதிக்கோ. உங்க வாத்தியாருக்குச் சந்தேகம் வந்தா என்கிட்ட அனுப்பு."

அவள் அங்கேயே கதவில் சாய்ந்து கணக்குப் போட்டாள். எண்பதில் நூற்றுக்கு முப்பத்தைந்து. இருபத்தெட்டு. ஒரு துளி கூடாமல் குறையாமல் இருபத்தெட்டு.

"வந்துச்சா?" என்று கார்ல் கேட்டான்.

"வந்துச்சு."

"பாத்தியா. படிப்பு படிப்புன்னு அவ்வளவு தூரம் போற. வீட்டுல ஒரு பேராசிரியரை வச்சுக்கிட்டு."

அவள் சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். சாக்ஸை அவளே தேடி எடுத்துக் கொடுத்தாள். அன்று மாலை அந்த வீட்டில் ரொம்ப நாளைக்குப் பிறகு இருவரும் ஒரே பக்கத்தில் இருந்தார்கள்.

விடை கிடைத்துவிட்டது, இனி வழி வேண்டும். அவள் உட்கார்ந்து யோசித்தாள். ஐம்பத்தாறில் சரிபாதி இருபத்தெட்டு. அப்படியானால் எங்கோ ஓர் இரண்டைத் தான் தேவையில்லாமல் பெருக்கியிருக்கிறாள். எந்த இரண்டு? இரும்பு ஆக்சைடின் வாய்ப்பாட்டிலேயே இரும்புக்குக் கீழே ஒரு சின்ன இரண்டு இருக்கிறது. நூற்றறுபது என்று எடையைக் கூட்டும்போதே அந்த இரண்டைச் சேர்த்துத்தானே கூட்டினோம்? அப்புறம் சமன்பாட்டில் இரும்புக்கு முன்னால் நிற்கிற பெரிய இரண்டாலும் பெருக்கினால், அது ஒரே ஆளை இரண்டு தடவை எண்ணுவது இல்லையா?

கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். தப்புக்கு எப்போதும் இப்படி ஒரு நியாயம் கிடைத்துவிடுகிறது. நான்கு நாள் இருட்டில் முட்டிக்கொண்டவளுக்கு அந்த நியாயம் பகல் வெளிச்சமாகத் தெரிந்தது. பரீட்சைக்கு ஒவ்வொருவரும் ஓர் அட்டை கொண்டுபோகலாம், கையகலம், கையெழுத்தில் எழுதியது. ரோன்டா அந்த அட்டையை எடுத்து முதல் வரியாக எழுதினாள்: "உலோகத்துக்குக் கீழே சின்ன எண் இருந்தால் முன்னால் இருக்கும் பெரிய எண்ணால் பெருக்காதே." கீழே இரண்டு கோடு போட்டாள். மற்ற ஒற்றைப்படைக் கணக்குகளில் இந்த மாதிரி ஆக்சைடு ஒன்றுகூட வரவில்லை. அவையெல்லாம் பழைய வழியிலேயே பொருந்தின. ஆகவே தாதுக் கணக்கு தனி ஜாதி என்று அவள் முடிவு கட்டினாள்.

திங்கள்கிழமை வகுப்புக்கு அவள் போகவில்லை. போகவிடவில்லை என்பதுதான் சரி. இல்லத்தில் வேலைக்கு வரவேண்டிய மூன்று பேர் காட்டிலிருந்து திரும்பவில்லை. மேற்பார்வை பார்க்கிற ஜோய்ஸ் காலை ஒன்பது மணிக்கே வழிமறித்தாள்.

"ரோன்டா, இன்னைக்கு ரெண்டு ஷிப்டும் நீதான்."

"எனக்கு வகுப்பு இருக்கு, ஜோய்ஸ்."

"எனக்குப் பதினாலு பேர் படுக்கையில இருக்காங்க. ஆள் ரெண்டு பேர். நீயே சொல்லு, யாரைப் புரட்டாம விடலாம்?"

பையைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு ஆறாம் அறைக்குப் போனாள்.

அதே நேரத்தில் கல்லூரியில் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி, சூயிங்கம்மை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளிவிட்டு, "சார், நாப்பத்தேழுல புக் தப்பு" என்றாள். அவ்வளவுதான். அவள் ஐந்து நிமிஷம் போட்டாள், பொருந்தவில்லை, புத்தகம் தப்பு என்று வைத்துக்கொண்டாள். பென்ஹேல் போட்டுப் பார்த்து, ஆமாம், ஐம்பத்தாறுதான் என்று கரும்பலகையில் எழுதி, வராதவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். ரோன்டாவுக்கு யாரும் சொல்லவில்லை. கடைசி வரிசையில் உட்காரும், தாய் வயசான பெண்பிள்ளையின் தொலைபேசி எண் அந்தப் பிள்ளைகளில் யாரிடம் இருக்கும்? அவளும் கேட்கவில்லை. வகுப்புக்கு ஏன் வரவில்லை என்று இன்னொரு தடவை விளக்கம் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

காட்டிலிருந்து திரும்பிய கார்ல் மான் கொண்டுவரவில்லை, ஆனால் கதையைக் கொண்டுபோயிருக்கிறான் என்று தெரிந்தது. மளிகைக் கடையில் அவன் அண்ணன் லெனார்டு ரோன்டாவைப் பார்த்துக் கண்ணடித்தான். "உன் வேதியியலை என் தம்பிதான் படிக்கறானாமே. வேட்டைக் குடிசையில நாலு நாளும் இதே பேச்சு. மான் அதைக் கேட்டே ஓடிப்போச்சு." அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவள் படிப்பைப் பற்றிக் கார்ல் பிறரிடம் பெருமையாக ஒரு வார்த்தை பேசியிருக்கிறான்.

டிசம்பர் பரீட்சையில் ஒன்பதாவது கேள்வி, பன்னிரண்டு மதிப்பெண். நூற்றிருபது கிராம் இரும்பு ஆக்சைடிலிருந்து எத்தனை கிராம் இரும்பு? ரோன்டாவுக்குச் சிரிப்பு வந்தது. பழகிய முகத்தைக் கூட்டத்தில் பார்த்த மாதிரி. கை தானாக ஓடியது. முக்கால் மோல். இரண்டால் பெருக்கி ஒன்றரை. ஐம்பத்தாறால் பெருக்கி எண்பத்துநான்கு. எழுதி முடித்தபிறகுதான் அட்டை கண்ணில் பட்டது. இரண்டு கோடு போட்ட முதல் வரி. அடடா, பழைய புத்தி எப்படிக் காலை வாரப் பார்த்தது என்று நினைத்துக்கொண்டு, எண்பத்துநான்கின் மேல் நேராக ஒரு கோடு இழுத்தாள். இரண்டால் பெருக்காமல் மறுபடி போட்டாள். நாற்பத்திரண்டு. சரிதானா என்று பக்கத்தில் சின்னதாகச் சோதித்தாள், நூற்றிருபதில் முப்பத்தைந்து விழுக்காடு. நாற்பத்திரண்டு. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? விடைத்தாளைக் கொடுத்துவிட்டு, பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக, முதுகு நிமிர்ந்து வெளியே வந்தாள்.

அறுபத்தாறு.

பென்ஹேல் தன் அறையில் விடைத்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டார். பெரிய உருவம், சின்னக் குரல்.

"மிஸஸ் லாம்பி, மத்ததெல்லாம் விடுங்க. இந்த ஒன்பதாவது. மேல கோடு போட்டு அடிச்சிருக்கீங்களே, இதுதான் சரியான விடை."

அவளுக்கு முதலில் புரியவில்லை.

"எண்பத்துநாலு சரி. அதை அடிச்சிட்டுத் தப்பை எழுதியிருக்கீங்க. சமன்பாட்டுக்கு நாலு போட்டேன். மீதி எட்டு போச்சு. இது இருந்தா எழுபத்துநாலு."

"அடிச்சதைப் பாத்துப் போட முடியாதா சார்?"

பென்ஹேல் நெற்றியைத் தேய்த்தார். "அடிச்சதைத் திருத்தறது இல்லைன்னு இங்க எழுதி வச்சிருக்கு. முன்னாடி ஒருத்தன் மூணு விடை எழுதி ரெண்டை அடிச்சுட்டு, எது சரியோ அதுக்குப் போடுங்கன்னு சண்டைக்கு வந்தான். அதுக்காக நானே போட்ட விதி. உங்களுக்கு மட்டும் மாத்தினா நாளைக்கு இருபது பேர் வருவாங்க. ஏன் அடிச்சீங்க?"

அவள் அட்டையை எடுத்து நீட்டினாள். நாற்பத்தேழாம் கணக்கைச் சொன்னாள், இருபத்தெட்டைச் சொன்னாள், கார்லின் முப்பத்தைந்தைச் சொன்னாள்.

"அது அச்சுப் பிழைங்க. மான் வேட்டை லீவு முடிஞ்ச திங்கக்கிழமை வகுப்புல சொன்னேனே."

"அன்னைக்கு நான் ரெண்டு ஷிப்ட் பாத்தேன்."

"உங்க வீட்டுக்காரர் சொன்னது பாறைக் கணக்கு. அதுல பாதி ஆக்சைடு, பாதி சும்மா கல்லு. கணக்குல கேட்டது சுத்தமான ஆக்சைடு. ரெண்டும் வேற." அவர் அட்டையை மேசைமேல் வைத்தார். "இந்த ஊர்ல பிறக்காதவங்க யாரும் இந்தத் தப்பைப் பண்ணியிருக்க முடியாது. முப்பத்தஞ்சுன்னு தெரியாதே அவங்களுக்கு."

ரோன்டா அழவில்லை. நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். நாளை ஆறரைக்கு ஆறாம் அறை, அதற்கு மறுநாள் ஆறரைக்கு ஆறாம் அறை என்று மட்டும் தோன்றியது.

பென்ஹேல் ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். நான்காவது தடவை சேர்த்துக்கொள்ளும்படி குழுவிடம் மனுப் போடலாம். கடைசியாக வந்த ஒன்பது மனுவில் இரண்டைத்தான் ஏற்றார்கள் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். "அச்சுப் பிழைக்கு நான் எழுதித் தரேன். ஷிப்டுக்கு உங்க மேற்பார்வைக்காரம்மா தரட்டும். ஆனா சரியானதை ஏன் அடிச்சாங்கன்னுதான் முதல்ல கேப்பாங்க. அதுக்கு உங்க வீட்டுக்காரர் ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடணும். என்ன சொன்னார்னு. வெள்ளிக்கிழமைக்குள்ள."

அன்று சாயங்காலம் கார்ல் குளித்துவிட்டு மேசைக்கு வந்தான். இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்துச் சுட்ட பாஸ்டி, ஆளுக்கொன்று. பாதி சாப்பிட்டபிறகு கேட்டான்.

"ரிசல்ட்டு?"

"அறுபத்தாறு."

முள்கரண்டியை வைத்துவிட்டான். "நம்ம இரும்புக் கணக்கு வரலையா?"

அவன் "நம்ம" என்று சொன்னதுதான் அவளைச் சுட்டது. இல்லை, அது வரவில்லை என்று சொல்லிவிடலாம். இவனுக்கு அதோடு முடிந்துவிடும், சாப்பிட்டுவிட்டு எழுந்து போவான். படிவம் பையிலேயே கிடந்து வெள்ளிக்கிழமை போய்விடும். ஒரு வேளைக்கு நிம்மதி, ஆயுசுக்கும் உதவியாள்.

"வந்துச்சு" என்றாள். "அதுலதான் போச்சு."

படிவத்தை எடுத்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முகம் சிவந்துகொண்டே வந்தது.

"சுத்தமான ஆக்சைடா? அதுல நூத்துக்கு எழுபது இரும்பு. அதுல கல்லே கிடையாதே. இதை அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே எழுபதுன்னு சொல்லியிருப்பேன்."

"தெரியும்."

"நீ நம்ம தாதுன்னு கேட்ட. பாறையைத்தான் கேட்ட. பாறைக்கு முப்பத்தஞ்சு. நான் தப்பா ஒண்ணும் சொல்லல."

"நீ தப்பா சொன்னேன்னு நான் சொல்லவே இல்ல, கார்ல்."

"அப்ப எதுக்குக் கையெழுத்து? லாம்பி முட்டாள், பொண்டாட்டியைத் தோக்க வச்சான்னு காலேஜ் பூராவும் படிக்கணுமா? அடுத்த வருஷம் ஒழுங்கா எழுதிக்கோ."

"அடுத்த வருஷம் கிடையாது. மூணு தடவைதான். இது மூணாவது."

"யாரு சொன்னா?"

"விதி. ஆரம்பத்துலேருந்தே இருக்கு."

"என்கிட்ட சொல்லலையே."

"சொன்னா தினமும் எண்ணுவ."

கார்ல் எழுந்து, பாதிப் பாஸ்டியை அப்படியே விட்டுவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனான். கொட்டகையில் விறகு பிளக்கிற சத்தம் கேட்டது. சானா என்னும் நீராவிக் குளியலறைக்குத் தேவையான விறகு போன மாதமே பிளந்து அடுக்கியாயிற்று. ரோன்டா தன் பாஸ்டியைச் சாப்பிட்டாள். பசி என்று இல்லை, கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. தட்டைக் கழுவினாள். படிவத்தை எடுத்துப் பைக்குள் வைக்கலாமா என்று யோசித்தாள், வைக்கவில்லை.

அரைமணி நேரம் கழித்து வந்தான். கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து, "பேனா" என்றான். எழுதிப் பழக்கமில்லாத கை. ஒவ்வோர் எழுத்தாக, பாறை நகர்த்துவது போல எழுதினான். எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டு, தாளை அவள் பக்கம் தள்ளிவிட்டு, ஆறிப்போன பாஸ்டியை இழுத்து வைத்துக்கொண்டான்.

அதில் இப்படி இருந்தது:

"நம் தாதுவில் எவ்வளவு இரும்பு என்று என் மனைவி கேட்டாள். முப்பத்தைந்து என்றேன். அது சரி. நான் தப்பாகச் சொல்லவில்லை. கையில் புத்தகம் வைத்திருந்தாள். அந்தக் கணக்கைக் காட்டு என்று நான் கேட்கவில்லை. இந்த இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கார்ல் லாம்பி."